கம்பெனி ஃபிட்டிங் சார்

கேளம்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டுகிறவர்கள் லிஃப்ட், ஜெனரேட்டர், போர்வெல்லோடு ஒரு கம்பெனி ஃபிட்டிங் சாரையும் சேர்த்தே கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். இருபது வீடு இருந்தால் அதில் ஒருவர் நிச்சயம். அறுபதைத் தாண்டிய வயது, அரைக்கால் டிராயர், கையில் மல்டிமீட்டர். தரைத்தளத் தூணோரம் நிற்கும் அவர் கார், இந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தபோது வாங்கியது. 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகி, ஊர் அதற்குள் போனது. காருக்கு 15 வருடம் முடிந்து, ஆர்.சி. இன்னொரு ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. நள்ளிரவில் அலறும் அதன் சைரன் மட்டும் எந்தப் புதுப்பித்தலும் கேட்காமல் ஓடுகிறது.

பூனை ஏறினால் கார் கத்துகிறது என்பது குடியிருப்பின் ஏகமனதான கருத்து. எங்கள் சார் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"பூனைக்குக் கத்துறதெல்லாம் கடையில மாட்டுற அலாரம் சார். அதுல ஷாக் சென்சார் இருக்கும். இது கம்பெனி ஃபிட்டிங். கதவு, பானட், டிக்கி, இதுல ஒண்ணு திறந்தாத்தான் அடிக்கும்."

"எதுவும் திறக்கலையே சார்?"

"திறக்கலை. திறந்த மாதிரி அதுக்குத் தோணுது, அவ்வளவுதான்."

தோன்றுவதற்கான காரணத்தைத் தேடுவதில்தான் அவருடைய ஓய்வூதிய வாழ்க்கை ஓடுகிறது. ஒரு நோட்டில் சந்தேகப் பட்டியல் உண்டு. முதல் ஆள், ரிமோட்டுக்குள் இருக்கும் சி.ஆர்.2032 பட்டன் செல். அது மாற்றப்பட்டு நிரபராதி என விடுதலையானது. அடுத்தது பேட்டரி. ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ரொம்பவும் இறங்கினால் அலாரத்துக்குப் புத்தி தடுமாறும். அதுவும் சரியாகவே இருந்தது. பிறகு கதவு ஸ்விட்சுகள். ஒவ்வொரு கதவாகச் சாத்தி, உள்விளக்கு அணைகிறதா என்று பார்க்க மாமியை காருக்குள் உட்கார வைத்தார்.

"ஏங்க, வெளியில வரட்டுமா? குக்கர் விசில் அடிக்குது."

"இரு. குக்கர் மூணோட நிறுத்திக்கும். இது நிறுத்தாது."

மாமியின் கட்சி வேறு. புதுப்பாக்கம் மலை ஆஞ்சநேயரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வந்தால் போதும் என்பார்.

செயலாளர் சட்டத்தைப் பிடித்தார். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு என்று வாட்ஸப் குழுவில் போட்டார். சாரின் பதில் ஒரே வரி: "45-ல அடிச்சா திருடன் தூங்கிடுவான்."

தையூர்ப் பக்கத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை நாங்களே கூட்டிவந்தோம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா சார் இவ்ளோ? சைரனுக்குப் போற ரெண்டு ஒயரைக் கட் பண்ணி டேப் சுத்திட்டா முடிஞ்சிடும்" என்றார். சாமி விளக்கை ஊதி அணைக்கச் சொன்னதுபோல சாரின் முகம் போயிற்று. "தம்பி, கம்பெனியில வந்தது. கட் பண்றதுக்கு நாம யாரு?"

ஒரு நாள் இரவு ஒரு மணிக்கு அவரே இறங்கிவந்தார். சுற்றிலும் லுங்கிகளும் நைட்டிகளும் கொட்டாவியோடு நிற்க, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸைக் கழற்றினார். எல்லோரும் மூச்சுவிடத் தொடங்குவதற்குள் சைரன் முன்னிலும் உற்சாகமாகத் தொடர்ந்தது. பேட்டரியைத் திருடன் பிடுங்கினாலும் கத்துவதற்காக, சில சைரன்களுக்குள்ளேயே தனியாக ஒரு குட்டி பேட்டரி வைத்திருப்பார்கள். "பாத்தீங்களா!" என்றார் சார், காதைப் பொத்தியபடி. "எவ்வளவு யோசிச்சிருக்கான் கம்பெனிக்காரன்!" அவர் கண்ணில் தெரிந்தது பெருமிதம்தான், எங்கள் கண்ணில் தெரிந்ததை எழுதுவதற்கில்லை.

உண்மையான குற்றவாளி பானட் பூட்டுக்குப் பக்கத்தில் இருந்தான். கோவளம் சாலையில் போனால் உப்பளங்களும் உப்பங்கழியும் கண்ணில் படும். அந்தக் காற்று காரின் முகத்தில்தான் முதலில் அடிக்கும். மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும் பானட் ஸ்விட்சின் முனைகள் பச்சை பூத்து, மூடிய பானட்டைத் திறந்ததாக இரவுதோறும் பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. சார் உப்புத்தாளால் தேய்த்தார். இரண்டு வாரம் அமைதி. பிறகு பழைய குருடி. புது ஸ்விட்ச் கடையில் கிடைத்தது. ஆனால் அது கம்பெனி பார்ட் இல்லையாம். புதுப்பேட்டைக்குப் போய், உடைத்த வண்டிகளின் குவியலில் தேடி, தான் காவல் காத்த காரைக் காப்பாற்ற முடியாமல் அங்கே வந்து சேர்ந்திருந்த ஒரு ஒரிஜினல் ஸ்விட்சை வாங்கிவந்து மாட்டினார்.

கார் வாயை மூடியது. குடியிருப்பே தூங்கியது. காலையில் அவரைப் பார்த்தவர்கள், "வண்டியை வித்துட்டீங்களா சார்?" என்று விசாரித்தார்கள். சாருக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. அடிக்காத அலாரம் நன்றாக இருக்கிறதா, செத்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதனால் தினமும் இரவு படுக்கப் போகுமுன் பால்கனியிலிருந்து ரிமோட்டை அமுக்கி ஒருமுறை அடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டார்.

அப்படியிருந்தும் ஒரு நாள் காலையில் பார்த்தால் நான்கு வீல் கப்பையும் காணோம். ராத்திரி முழுக்கச் சத்தமே இல்லை. செயலாளருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையுமா?

"என்ன சார், உங்க கம்பெனி அலாரம் இதுக்கு அடிக்கலையே?"

சார் வெறும் சக்கரங்களைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நோட்டைப் பிரித்து ஏதோ எழுதினார். பிறகு துக்கம் துளியும் இல்லாமல் நிமிர்ந்தார்.

"எப்படி அடிக்கும்? வீல் கப் நான் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்ல வாங்கிப் போட்டது. கம்பெனி ஃபிட்டிங் இல்லையே!"