ஸ்லாஷ் அண்ணன்

தாராவியில் வழி சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. தொண்ணூறு அடி ரோட்டில் நின்று யாரைக் கேட்டாலும் கை நீளும். ஸ்லாஷ் அண்ணன் மட்டும் கையை நீட்டுவதற்கு முன்னால், "நீங்க இப்ப எங்க நிக்கிய?" என்று கேட்பார். போனில் கேட்டால் நியாயம். மூக்குக்கு நேரே நிற்பவரிடமும் கேட்பார். கேட்கப்பட்டவர் ஒருகணம் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொள்வார்.

அது தொழில் தோஷம். பகலில் மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸின் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலை. ராத்திரியில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வட்டாரத்தில் விழுந்து கிடக்கும் வெப்சைட்டுகளைத் தூக்கி நிறுத்தும் வேலை. அதிலும் விண்டோஸ் சர்வர், அதிலும் பாத் எரர். வேறு கோளாறு என்றால் முகம் வாடிவிடும். "ஃபைல் காணோம்னு வருது அண்ணே" என்றால் போதும், சாப்பாட்டுத் தட்டில் கையைக் கழுவிவிட்டுக் கிளம்புவார். இவர் ஒரே ஆள் இல்லை. கிராஸ் ரோட்டைச் சுற்றினால் இப்படி நாலைந்து பேர் தேறுவார்கள். எல்லாரையும் ஒரு சட்டைக்குள் போட்டுச் சொல்கிறேன்.

சட்டை என்றதும் பெல்ட் ஞாபகம் வருகிறது. அண்ணன் வீட்டில் ஒரு ஆணி முழுக்கத் தோல் பெல்ட்டாகத் தொங்கும். கூலியைப் பணமாகக் கொடுக்கும் வழக்கம் அவருடைய வாடிக்கையாளர்களிடம் அவ்வளவாகப் பரவவில்லை. தோல் கடைக்காரர் பெல்ட் தருவார், கும்பார்வாடாக்காரர் அகல் விளக்கு தருவார், அப்பளம் போடுகிறவர்கள் அப்பளமே தருவார்கள். விடிகாலையில் சைக்கிளில் இட்லி கொண்டுபோகிறவரின் ஆர்டர் பக்கத்தைச் சரிசெய்துகொடுத்ததற்கு ஒரு மாதம் காலைச் சாப்பாடு நடந்தது. வீட்டு அலமாரியைப் பார்த்தாலே அவருடைய வாடிக்கையாளர் பட்டியல் தெரிந்துவிடும்.

சயான்–பாந்த்ரா லிங்க் ரோட்டில் தோல் கடைகள் வரிசையாக இருக்கின்றனவே, அதில் ஒருவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்த குடும்பம். தொட்டிகள் பெரும்பாலும் போய்விட்டன. பையும் பர்ஸும் தைப்பது நின்றபாடில்லை. கடைக்கு மேலே ஏணி வைத்து ஏறும் பரண், மும்பைப் பேச்சில் மாலா. அங்கே தோல் சுருள்களுக்கு நடுவில் துண்டு போர்த்திய ஒரு பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர். அதுதான் சர்வர். பில்லும் அதில்தான், வெப்சைட்டும் அதில்தான். ஒருநாள் சைட்டில் பர்ஸ் படமெல்லாம் தெரிகிறது, டிராவல் பேக் படம் ஒன்றுகூடத் தெரியவில்லை.

"என்னத்தயாவது தொட்டியளா அண்ணாச்சி?"

"ஒண்ணுமே தொடல தம்பி."

இந்த பதிலை அண்ணன் ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொள்வார். டாக்டரிடம் யாரும் வெற்றிலை போடுவதை ஒப்புக்கொள்வதில்லை.

அண்ணாச்சி தன் பங்குக்கு எதிர்க்கடைக்காரரின் கண்தான் காரணம் என்று முடிவுகட்டி, சனிக்கிழமை விற்கும் எலுமிச்சை மிளகாய்ச் சரம் ஒன்றை மானிட்டரிலேயே கட்டியிருந்தார். அண்ணன் அதை விலக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்கிரிப்டைத் திறந்தார். பிஎச்பி. ஃபோல்டர் பாதை முழுக்க பேக்ஸ்லாஷ், அதுவும் இரட்டை மேற்கோளுக்குள். அங்கேதான் இருந்தது விஷயம். இரட்டை மேற்கோளுக்குள் பேக்ஸ்லாஷை அடுத்து 'டி' வந்தால் பிஎச்பி அதை எழுத்தாகப் படிக்காது, டேப் இடைவெளி என்று எடுத்துக்கொள்ளும். 'என்' வந்தால் புது வரி. 'டபிள்யூ' வந்தால் அப்படி எதுவும் இல்லை, சும்மா விட்டுவிடும். ஆகவே 'வாலட்' ஃபோல்டர் சௌக்கியம். 'டிராவல்' ஃபோல்டர் தலையெழுத்தை இழந்து, 'ராவல்' என்று நடுவழியில் நிற்கிறது. 'நியூ' ஃபோல்டருக்கும் அதே கதி. புதுச் சரக்கு இன்னும் ஏற்றவில்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

அண்ணன் எல்லா பேக்ஸ்லாஷையும் சாதா ஸ்லாஷாக மாற்றினார். விண்டோஸில் ஓடும் பிஎச்பி இரண்டையும் ஏற்கும். படங்கள் வந்தன. அண்ணாச்சி எலுமிச்சைச் சரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். அண்ணனுக்கு ஒரு பெல்ட்.

இந்த இடத்தில் அவரை டீக்கடைக்குக் கூட்டிப்போனால் தப்பித்தீர்கள் என்று நினைக்க வேண்டாம். கட்டிங் சாய் வருவதற்குள் 1981-க்குப் போய்விடுவார். அந்த வருஷம் வந்த, விண்டோஸுக்கு முன்னோடியான முதல் டாஸில் ஃபோல்டரே கிடையாது. எல்லா ஃபைலும் ஒரே அறையில். கட்டளைக்குப் பின்னால் விருப்பம் சொல்ல ஸ்லாஷை எடுத்துக்கொண்டார்கள். 1983-இல் இரண்டாம் டாஸில் ஃபோல்டர் வந்தது. யூனிக்ஸ்காரன் போல ஸ்லாஷ் போடலாம் என்று பார்த்தால், அது ஏற்கெனவே குடியேறிவிட்டது. வேறு வழியில்லாமல் அதையே மறுபக்கம் சாய்த்தார்கள். "அன்னைக்குச் சாய்ச்சது, இன்னைக்கு வரைக்கும் நான் நிமுத்திக்கிட்டு இருக்கேன்" என்பார். ஊரில் பங்காளி வரப்பை நகர்த்திவிட்ட மாதிரியான கோபம். ஜப்பானிய விண்டோஸில் பேக்ஸ்லாஷ் இருக்க வேண்டிய இடத்தில் யென் குறி தெரியும், கொரியாவில் அவர்கள் காசுக் குறி தெரியும் என்று சொல்லி, "அவனுவளுக்காவது துட்டு தெரியுது" என்று டம்ளரைக் கவிழ்ப்பார்.

நான் இவரை ரசிப்பது வேறொரு விஷயத்துக்காக. பாத் என்றால் என்ன என்பதை இவர் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை, குடியிருக்கும் சந்தில் படித்தார். தாராவி முகவரி எப்படி இருக்கும்? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், மசூதிச் சந்தில், தண்ணீர்க் குழாய் தாண்டி இடது கை மூன்றாவது ஏணி. மாகிம் பக்கமிருந்து வருகிறவனுக்கு இது சரி. சயான் பக்கமிருந்து வருகிறவன் அதே இடது கையில் திரும்பினால் யாரோ ஒருவரின் அடுப்படியில் போய் நிற்பான். ஸ்கிரிப்டும் அப்படித்தான். 'பக்கத்து ஃபோல்டரில் இருக்கும் ஹெட்டரை எடு' என்று எழுதியிருப்பார்கள். முகப்புப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் வரும். அதே வரி அட்மின் ஃபோல்டரிலிருந்து ஓடினால் வராது. பிஎச்பி 'பக்கத்து' என்பதை அந்த வரி கிடக்கும் ஃபைலிலிருந்து அளக்காமல், ஓட ஆரம்பித்த இடத்திலிருந்து அளக்கும். அதனால்தான் அண்ணன் எதையும் திருத்துவதற்கு முன் ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்து, அது நிற்கும் ஃபோல்டரின் பெயரைத் திரையில் சொல்ல வைப்பார். மனிதனிடம் கேட்கும் அதே கேள்வி. 2009-இல் பிஎச்பி 5.3 வந்தபோது, 'இந்த ஃபைல் கிடக்கும் ஃபோல்டர்' என்பதற்கு ஒரே சொல்லில் வழி கிடைத்தது. அந்த வருஷத்தை அவர் தங்கை கல்யாண வருஷத்தோடு சேர்த்துச் சொல்வார்.

தாராவி மறுமேம்பாட்டுக் கணக்கெடுப்பு 2024-இல் ஆரம்பித்து, கதவுகளில் எண் எழுதிக்கொண்டு போனார்கள். அண்ணன் தன் வீட்டுக் கதவு எண்ணைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க நின்னு கேட்டாலும் மாறாதது. இதான் ஆப்சல்யூட் பாத்" என்றார். பிறகு அவரே, "ஆனா ஒண்ணு, சர்வரை இடம் மாத்துனா மொதல்ல ஒடையுறதும் இதான்" என்று உள்ளே போய்விட்டார்.

மாட்டுங்கா கேஸ் வேறு ரகம். பஜனைக் குழு ஒன்றின் செயலாளர் மாமா, அமெரிக்காவில் இருக்கும் மருமான் பேச்சைக் கேட்டு, விண்டோஸில் நன்றாக ஓடிய சைட்டை லினக்ஸுக்கு மாற்றிவிட்டார். மறுநாள் நவராத்திரி ஆல்பம் காலி. விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். கேமராவிலிருந்து வந்த ஃபைல் பெயரின் வால் பெரிய எழுத்தில், பக்கத்தில் எழுதியது சின்ன எழுத்தில்.

"ஏம்ப்பா, ரெண்டும் ஒரே நவராத்திரிதானே?"

"நமக்கு ஒண்ணுதான் மாமா. அதுக்கு இது வேற நவராத்திரி."

மாமா கொஞ்சநேரம் யோசித்து, "அப்போ அந்த இன்னொரு நவராத்திரி படம் எங்கே?" என்றார். அண்ணன் கிங்ஸ் சர்க்கிள் வரை பேசாமல் நடந்து வந்தார்.

செம்பூரில் ஒரு டியூஷன் நிலையம். தொடர்புப் பக்கத்துக்குச் சுருக்கமாக 'கான்' என்று மூன்றெழுத்தில் ஃபோல்டர் போடப் பார்த்திருக்கிறார்கள், விண்டோஸ் மறுத்துவிட்டது. வைரஸ் என்று பயந்து ஆன்டிவைரஸ் வாங்கியும் ஆயிற்று. அது டாஸ் காலத்தில் திரைக்கும் விசைப்பலகைக்கும் வைத்த சாதனப் பெயர், இன்றைக்கும் ஃபைலுக்கோ ஃபோல்டருக்கோ வைக்க விடமாட்டான் என்று அண்ணன் விளக்கினார். அங்கே அவருக்குக் கிடைத்தது, அவருக்கு வேண்டாத அந்த ஆன்டிவைரஸ்.

அண்ணனின் பரம எதிரி, 2003 விண்டோஸ் சர்வர். அதற்கு முன் ஏஎஸ்பி பக்கங்களில் இரண்டு புள்ளி போட்டு மேல் ஃபோல்டருக்கு ஏறலாம். அந்தச் சர்வரோடு வந்த வெப்சைட் மென்பொருளான ஐஐஎஸ் ஆறாம் பதிப்பு, பாதுகாப்புக் கருதி அந்த 'பேரண்ட் பாத்'தை முதலிலேயே மூடி வைத்துவிட்டது. யாராவது புள்ளி வைத்தே ஏறிப் போய்ச் சர்வரின் அடிமடியில் கை வைக்கக்கூடாது அல்லவா? நியாயமான காரணம்தான். ஆனால் பழைய சைட்டைத் தூக்கிக்கொண்டு புதுச் சர்வருக்கு வந்தவர்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். "பெத்தவங்க பேரைச் சொல்லக்கூடாதுன்னுட்டான்" என்பார். அந்தத் தடையை எடுத்துவிடும் டிக் பெட்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்; எடுக்க மாட்டார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு பாதையையும் மேலிருந்து எழுதுவார். கூலிக்கு அகல் விளக்குதான் என்றாலும் அதில் சுருக்குவழி கிடையாது.

போன கோயில் கொடைக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குக் கிளம்பினார். வண்டி கர்ஜத்தில் நிற்கிறது, கையில் வடா பாவ், போன் அடிக்கிறது. லிங்க் ரோட்டு அண்ணாச்சி. புது ஃபோல்டர் சேர்த்திருக்கிறார், பழையபடி படம் வரவில்லை.

"பேக்ஸ்லாஷ் போட்டிருப்பிய. மாத்திப் போடுங்க."

"ரெண்டும் கோடுதானே, எந்தப் பக்கம் சாயணும்?"

"வலப்பக்கம் சாயணும்."

"எனக்கு வலமா, கம்ப்யூட்டருக்கு வலமா?"

பக்கத்து சீட்டுக்காரர்கள் வடா பாவை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். அண்ணன் காற்றில் விரலால் கோடு போட்டுக் காட்டினார், போனில் அது எதற்கும் உதவவில்லை.

"அண்ணாச்சி, என்டருக்கு மேல இருக்கது வேண்டாம். வலது ஷிப்ட்டுக்குப் பக்கத்துல கேள்விக்குறி போட்ட கட்டை இருக்குல்லா? அதை..."

வண்டி காட் ஏறியது, முதல் குகை வந்தது, லைன் போனது. குகைக்கு மேல் குகை. லோனாவாலாவில்தான் மறுபடி சிக்னல் கிடைத்தது.

"தம்பி, நீ சொன்னபடியே கேள்விக்குறிக் கட்டையை அமுக்கினேன். மொதல்ல கேள்விக்குறி வரல, வெறும் கோடு வந்துச்சு. அப்புறம் ஷிப்ட்டைச் சேத்து அமுக்கினேன், வந்துட்டு. எல்லா எடத்துலயும் போட்டாச்சு."