தால்சிம் பொம்மையின் அங்க லட்சணங்கள்: தேக்காவிலிருந்து ஒரு விசாரணை

ஆய்வுப் பொருள் 15.3 சென்டிமீட்டர் உயரமுள்ள பிளாஸ்டிக் பொம்மை ஒன்று. பெயர் தால்சிம். தொழில் யோகம், உபதொழில் தெருச் சண்டை. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டில் நாம் தேர்ந்தெடுத்து ஆடக்கூடிய எட்டுப் பேரில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே இடம் இவருடையது. கைகால்களைக் கெஜக்கணக்கில் நீட்டி அடிப்பார்; வாயால் நெருப்பைத் துப்புவார். 1993-இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் தன் ஜி.ஐ. ஜோ வரிசையில் இவரை மூன்றே முக்கால் அங்குலப் பொம்மையாக வார்த்தது. அதன் பிறகு பல நிறுவனங்கள் பல அளவுகளில் வார்த்துவிட்டன. நம் கையில் இருப்பது பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுள்ள பிற்காலத்து வார்ப்பு. சிங்கப்பூரின் சைனா ஸ்குவேர் சென்ட்ரலில் 45 வெள்ளிக்கு வாங்கியது. செய்தவர் பெயர் ஆய்வின் நடுநிலை கருதி மறைக்கப்படுகிறது.

இத்தகைய பொம்மைகளை மதிப்பிடுவோர் மூட்டு எத்தனை, வண்ணம் வழிந்திருக்கிறதா, பெட்டி மூலை நசுங்கியிருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஓர் இந்திய யோகியை மதிப்பிடச் சிற்ப சாத்திரத்தைப் புரட்டியவரை இவ்வாய்வாளர் இன்னும் சந்திக்கவில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எடை. கேப்காமின் குறிப்புப்படி தால்சிம் 176 சென்டிமீட்டர், 48 கிலோ. இரண்டும் அவர் விருப்பப்படி மாறக்கூடியவை என்றும் அதே குறிப்பு சொல்கிறது; அதை ஏற்றால் ஆய்வே நடக்காது என்பதால் தள்ளிவைக்கிறோம். உயரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 14.7 சென்டிமீட்டர். பொம்மை ஆறு மில்லிமீட்டர் கூடுதல், மன்னிக்கலாம். எடையை மட்டும் பன்னிரண்டால் மூன்று முறை வகுக்க வேண்டும். அதாவது 1,728-ஆல். அப்படி வகுத்தால் 27.8 கிராம்தான் வரவேண்டும்.

வீட்டுச் சமையல் தராசு இந்த நுட்பத்துக்குப் போதாது என்பதால் பொருள் சிராங்கூன் சாலை நகைக்கடை ஒன்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கண்ணாடிக் கூண்டுத் தராசில் யோகியைப் படுக்கவைத்த தம்பி முகத்தில் சலனமே இல்லாமல், "916-ங்களா அண்ணே?" என்றார். இல்லை என்றதும் கழுத்திலிருந்த மண்டையோட்டு மாலையைக் காட்டி அடுத்த கேள்வி: "மண்டையோட்டக் கழிச்சுப் போடவா, சேத்துப் போடவா?" கல் எடையைக் கழித்துப் பழகிய கை. சேர்த்தே போட்டதில் 79 கிராம் வந்தது. இதை மீண்டும் 1,728-ஆல் பெருக்கினால் சுமார் 136 கிலோ. அதே விளையாட்டில் சுமோ மல்லர் எட்மண்ட் ஹோண்டாவின் எடை 137 கிலோ. ஆக, பட்டினி கிடந்து வற்றிய யோகி என்று விற்கப்படும் இப்பொம்மைக்குள் ஒரு சுமோ மல்லர் ஒளிந்திருக்கிறார். பிவிசி பிளாஸ்டிக் மனித உடலைவிடக் கனமானது என்பது பாதிக் காரணம்கூட இல்லை. மூட்டுக்குள் முளையும் குழியும் வைக்க வேண்டியிருப்பதால் குச்சிக் கையை உலக்கையாக்கிவிடுகிறார்கள். அதுதான் முக்கியக் காரணம்.

அடுத்து தாளப் பிரமாணம். நம் சிற்ப மரபில் முகத்தின் நீளமே அளவுகோல். அது ஒரு தாளம், பன்னிரண்டு சிற்ப அங்குலம். பெருந்தெய்வங்களுக்கு 124 அங்குல உத்தம தச தாளம். பிள்ளையாருக்குப் பஞ்ச தாளம். சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னோலையை நறுக்கி, மடித்து, இந்தக் கணக்கைப் பிடிப்பார்கள். (பெருந்தலையும் சிற்றுடலுமாக வரும் ஜப்பானிய நெண்டோராய்டு பொம்மைகள் பஞ்ச தாளத்தையே எட்டாதவை. அவற்றை இச்சபை விசாரிக்காது.) முகம் என்பது மயிர்க்கால் தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரை. இங்கேதான் ஆய்வு முட்டி நின்றது: தால்சிமுக்கு மொட்டைத் தலை. மயிர் எல்லை எது என்று சாத்திரமும் சொல்லவில்லை, பெட்டியும் சொல்லவில்லை. புருவம் சுருங்கும் மடிப்பிலிருந்து குத்துமதிப்பாக ஒரு கோடு வைத்ததில் முகம் 1.7 சென்டிமீட்டர். உயரத்தை அதனால் வகுத்தால் மிகச்சரியாக ஒன்பது. நவதாளம்! கோடு எங்கே வைப்பது என்பதை விடை தெரிந்த பிறகு முடிவுசெய்ததாகச் சிலர் குறைகூறக்கூடும். ஆய்வுலகில் பொறாமை புதிதல்ல.

சமயச் சிக்கல் இதைவிடப் பெரியது. மொட்டைத் தலையில் மூன்று சிவப்புக் கோடுகள், நெடுக்குவாட்டில். குறுக்கே போயிருந்தால் சைவப் பட்டை என்று ஒதுங்கியிருக்கலாம். நெடுக்கே போவதால் நாமத்தின் சாயல். கழுத்திலோ கபால மாலை. பிளேக் நோயில் இறந்த தன் ஊர்ப் பிள்ளைகளின் மண்டையோடுகள் அவை என்பது விளையாட்டின் கதை. மாலையைப் பார்த்தால் வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அனுப்ப வேண்டும். நெற்றியைப் பார்த்தால் அதே சிராங்கூன் சாலையில் சற்றுத் தள்ளியிருக்கும் சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கு. சென்னையிலோ காஞ்சியிலோ இது வழக்காடும் விஷயம். சிங்கப்பூரில் அப்படியில்லை. தைப்பூசத்தன்று முருகனுக்கான காவடி பெருமாள் கோயிலிலிருந்துதான் கிளம்பி டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு நடக்கிறது. அந்த ஊர்வலத்தில் இந்த யோகி கலந்துகொண்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

கண்ணுக்கு வருவோம். விழியில் கருமணி இல்லை, வெறும் வெள்ளை. ஸ்தபதி கடைசியாகச் செய்வது கண் திறப்பு. அது நடக்காதவரை சிலை வெறும் உலோகம். பொம்மைத் தொழிற்சாலையிலும் கண் ஆபத்தான வேலைதான். அச்சு அரை மில்லிமீட்டர் விலகினால் வீரன் மாறுகண் ஆவான். அதைத்தான் சேகரிப்பாளர்கள் முதலில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவார்கள். தால்சிமுக்குக் கண்ணே திறக்காததால் செய்தவருக்கு அந்தப் பழி மிச்சம். சாத்திரப்படி இது பூஜைக்குரியதல்ல, வணிகப்படி குற்றமற்றது.

ஆசனத் தேர்வில்தான் யோகி கோட்டைவிட்டார். விளையாட்டில் வென்றதும் காலை மடித்து அந்தரத்தில் மிதப்பவர், மேசைமேல் பத்மாசனம் போடத் திணறுகிறார். முழங்காலில் இரட்டை மூட்டு இருக்கிறது, தொடையும் திரும்புகிறது. ஆனால் வலது பாதம் இடது தொடையில் ஏறப்போகும் நேரத்தில் இடுப்புத் துணியின் பிளாஸ்டிக் விறைத்துக்கொண்டு தடுக்கிறது. மேலும் அழுத்தினால் இடுப்பு மூட்டு கழன்று கையோடு வரும். சுகாசனம் மட்டும் கைகூடியது.

பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால்தான் மதிப்பு என்போர் இந்த ஊர்க் காற்றை மறந்துவிடுகிறார்கள். ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். பிவிசியை இளக்கக் கலந்த எண்ணெய்ப் பொருள் வெப்பத்தில் மெல்லக் கசியும். மூடிய பெட்டிக்குள் அது போக வழியில்லாமல் பொம்மையின் மேலேயே பிசுபிசுக்கும். பிசுக்குப் போக மாவுப்பொடி தடவுவோர் உண்டு. தால்சிமுக்கு விபூதியே தடவலாம். மேற்படி சமய வழக்கு ஒருபக்கமாகத் தீரும்.

இறுதி மதிப்பீட்டுக்காகப் பொம்மை ஈசூனில் இருக்கும் அத்தையிடம் சமர்ப்பிக்கப்பட்டது. நவராத்திரிக்கு ஒன்பது படி வைப்பவர். எந்தப் பொம்மை எந்தப் படி என்பதில் அவர் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. ரிஷிகள் படிக்குச் சிபாரிசு செய்தோம். புரட்டிப் பார்த்தார். "ரிஷி எங்கயாவது சண்டைக்கு நிப்பானாப்பா?" என்றார். செட்டியார் கடைப் பக்கம் நிறுத்தலாமா என்றதற்கு, வியாபாரம் படுத்துவிடும் என்றார். பிறகு வெள்ளைக் கண்ணையும் மண்டையோட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "திருஷ்டிக்குத்தாம்பா செஞ்சிருக்கான், அது தெரியாம மேசையில வச்சிருக்கே" என்று வாசல் நிலைப்படிக்கு மேல் மாட்டச் சொன்னார்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் தீயணைப்பு விதிப்படி 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும். பெட்டியோடு வந்த நீட்டிய கைகளைப் பொருத்தி அளந்து பார்த்தாயிற்று, இடிக்கவில்லை.