பிளாஸ்டிக் வீரனின் நீர்ப்படை: பழைய பெயிண்ட் உரிப்பது குறித்த ஆய்வு

மேசைப் போர்விளையாட்டுக்குரிய சிறு பிளாஸ்டிக் வீரன்மேல் எப்போதோ அடித்த பெயிண்டை, அவன் மூக்குக்குக்கூடச் சேதம் வராமல் நீக்குவதே இவ்வாய்வின் பொருள். வீரனின் உயரம் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர். பெயிண்டின் தடிமன் அவன் உயரத்தோடு போட்டியிடக் கூடாது என்பது விதி. போட்டியிடுவதுண்டு என்பது நடைமுறை.

இவ்விளையாட்டு வளர்ந்த களம் இங்கிலாந்து. எச். ஜி. வெல்ஸ் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலை எழுதி, வளர்ந்த ஆண்களும் தரையில் தவழ்ந்து பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு போர் புரியலாம் என்று நிறுவினார். அக்காலச் சிப்பாய்கள் ஈயத்தால் ஆனவர்கள். பெயிண்ட் அடித்தபடியே கடையில் கிடைத்தார்கள். 1975-இல் லண்டனில் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983-இல் ‘வார்ஹாமர்’ விளையாட்டையும், 1987-இல் ‘வார்ஹாமர் 40,000’ விளையாட்டையும் கொண்டுவந்தது. இவற்றில் வீரனுக்குப் பெயிண்ட் அடிப்பது வாங்கியவர் பொறுப்பு. தூரிகை பள்ளிச் சிறுவர் கைக்குப் போனது. உரித்தல் தனித்துறையாக வளரத் தொடங்கியது.

உரிப்பதற்குரிய காரணங்கள் மூன்று. தண்ணீர் கலக்காமல் அப்பிய பெயிண்ட் ஒன்று. பழைய படையை விலைக்கு வாங்கியவருக்கு முந்தைய உடைமையாளரின் ரசனை ஒவ்வாமற்போவது இரண்டு. நீலச் சீருடை அலுத்துப் பச்சைக்கு மாற நினைப்பது மூன்று. இதைக் கட்சித்தாவல் என்று வகைப்படுத்துவாரும் உளர்.

செய்முறையை வரிசைப்படுத்தப் புதிய இலக்கணம் வேண்டியதில்லை. நடுகல்லுக்குத் தொல்காப்பியம் வகுத்த ஆறு துறைகளே போதும். அங்கும் வீரன்தான், இங்கும் வீரன்தான்.

1. காட்சி

முதலில் வீரன் எதனால் ஆனவன் என்று காண வேண்டும். கையில் கனத்தால் உலோகம். இங்கு வரும் எந்தத் திரவத்துக்கும் அசராதவன். கனமின்றி விறைப்பாக இருந்தால் பாலிஸ்டைரீன். இவனே இவ்வாய்வின் தலைவன். ரெசின் இரண்டுக்கும் இடைப்பட்டது. நெடுநேரம் ஊறினால் இளகக்கூடும். வளைத்தால் வளைபவன் பாலிஎத்திலீன். 1959 முதல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் விற்ற சிறு சிப்பாய்கள் இவ்வினம். இவர்கள்மேல் பெயிண்ட் ஒட்டுவதே அரிது. துப்பாக்கியைச் சற்று வளைத்தால் தானே உதிரும். ஆகவே இவர்கள் ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறார்கள்.

2. கால்கோள்

அடுத்தது திரவத்தைத் தேர்வது. இங்கேதான் படைகள் அழிந்திருக்கின்றன. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் பெயிண்டை நொடியில் கரைக்கும். கூடவே வீரனையும் கூழாக்கும். தின்னரும் அவ்வாறே. ஒத்ததை ஒத்தது கரைக்கும் என்பது வேதியியல் வழக்கு. ஹில்டிபிராண்ட் என்னும் அறிஞர் பெயரால் வழங்கும் கரைதிறன் அளவுகோலில் பாலிஸ்டைரீனின் மதிப்பு சுமார் 18.5, அசிட்டோனின் மதிப்பு சுமார் 20. உறவு மிக நெருக்கம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் மதிப்பு சுமார் 23.5, பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்ளும் அளவுக்கே பழக்கம். அக்ரிலிக் பெயிண்டின் படலத்துக்குள் மட்டும் இது புகுந்து, உப்பவைத்து, பிடிப்பைத் தளர்த்தும்.

இவ்விடத்தில் அறிஞர்கள் மூன்று மரபினராகப் பிரிகின்றனர். பிரிட்டனில் ஓங்கியிருப்பது டெட்டால் மரபு. அமெரிக்காவில் ஆல்கஹாலும், ‘சிம்பிள் கிரீன்’ என்னும் துப்புரவுத் திரவமும் செல்வாக்குடையவை. பழையவர்களிடம் எஞ்சியிருப்பது பிரேக் ஆயில் மரபு. அது பெயிண்டை உரிக்கும் என்பதற்குக் கார் மெக்கானிக்குகளே சாட்சி. ஆயினும் அதன் நச்சுத்தன்மையும், கழுவினாலும் போகாத பிசுபிசுப்பும் அதை வழக்கொழியச் செய்துவருகின்றன.

3. நீர்ப்படை

செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கல்லைக் கங்கையில் நீராட்டினான். பிளாஸ்டிக் வீரனுக்கு மூடியுள்ள கண்ணாடி ஜாடி போதும். டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல், தலை முழுகும்வரை ஊற்றி, ஒரு நாள் ஊறவிட வேண்டும். ஆல்கஹாலுக்குச் சில மணி நேரம் முதல் ஓர் இரவு வரை. ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். அருகில் அடுப்போ சிகரெட்டோ ஆகாது. ரப்பர் கையுறையும் திறந்த ஜன்னலும் இரு மரபினருக்கும் பொது. பூனை வளர்ப்போர் டெட்டாலை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அது பூனைக்கு நஞ்சு.

இத்துறையின் பெரும்பிழை இங்கே நிகழ்வது. ஊறிய வீரனை எடுத்தவுடன் குழாயடியில் காட்டுவது இயல்பான ஆசை. டெட்டாலில் தண்ணீர் பட்டதும் பால்போல் வெளுக்கும். கரைந்திருந்த பைன் எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிவதே காரணம். அந்நிலையில் இளகிய பெயிண்ட் கழுவப்படாது. தார்போல் திரண்டு வீரன்மேலும், பிரஷ்மேலும், வாஷ்பேசின்மேலும் அப்பிக்கொள்ளும். எனவே முதல் தேய்ப்பு டெட்டாலிலேயே நடக்க வேண்டும். பெயிண்ட் முழுதும் போன பிறகே பாத்திரம் கழுவும் சோப்பும், அதன் பிறகே தண்ணீரும். இவ்வரிசையில் கருத்து வேறுபாடு இல்லை. வேறுபட்டவர்கள் பிரஷ்ஷைத் தூக்கி எறிந்துவிட்டு ஒன்றுபட்டார்கள்.

4. நடுதல்

ஊறிய வீரனை ஒரு கையில் நட்டுப் பிடித்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்ப்பது நான்காம் துறை. முதுகிலும் மார்பிலும் பெயிண்ட் தோல்போல் சுருங்கி ஒரே இழுப்பில் வரும். அக்குள், மேலங்கிக்கும் காலுக்கும் இடைப்பட்ட சந்து, இரும்புவலைக் கவசத்தின் கண்கள் ஆகியவை எதிர்ப்பு முகாம்கள். அங்கே பல்குச்சி வேண்டும். முகத்தை இறுதியில் தேய்ப்பது நன்று. நான்கு பூச்சுகளுக்கு அடியிலிருந்து ஓர் இமை, பின்பு கன்னத் தழும்பு, பின்பு கத்துவதற்குத் திறந்த வாயில் தனித்தனிப் பற்கள் என்று வெளிவரும். சிற்பி பல் செதுக்கியிருந்த செய்தி முந்தைய உடைமையாளருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

சிவப்பு பெயிண்ட் பிளாஸ்டிக்கில் இளஞ்சிவப்புக் கறையை விட்டுச்செல்வதுண்டு; கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு) இடுக்குகளில் நிழலாய்த் தங்கும். இரண்டையும் விட்டுவிடலாம், புதிய பிரைமர் மறைத்துவிடும். இவற்றைத் துரத்திக்கொண்டு போனவர்கள் பெயிண்டை விட்டு வீரனின் விவரங்களைத் தேய்த்திருக்கிறார்கள்.

5. பெரும்படை

ஃபெவிக்விக் வகைப் பசையால் ஒட்டிய கைகால்கள் ஊறலில் கழன்று ஜாடியின் அடியில் கிடக்கும். மாடல் சிமெண்டால் ஒட்டியவை கழலா. அது இருபுறப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒரே உடலாக்கியது. பிரிந்தோரைச் சேர்த்து, நன்கு உலரவிட்டு, மெல்லிய பிரைமர் அடித்தால் படை மீண்டும் அணிவகுக்கும். ஒரு ஜாடியில் ஐந்தாறு வீரர்களுக்கு மேல் இடுவோர், யாருடைய கை யாருக்கு என்னும் தனி ஆய்வுக்கும் ஆயத்தமாக வேண்டும்.

6. வாழ்த்தல்

பயன்படுத்திய திரவத்தை அப்படியே வைத்தால் கசடு அடியில் தங்கும்; மேல்தெளிவை வடித்து மறுமுறை பயன்படுத்தலாம். கசட்டைச் சாக்கடையில் கொட்டலாகாது.

முடிபுகள் இரண்டு. எந்தத் திரவமானாலும் உருப்படாத ஒரு வீரனை முதலில் இட்டுச் சோதித்த பின்பே தளபதியை இறக்க வேண்டும். பெயிண்டைத் தண்ணீர் கலந்து மெல்லியதாக இரண்டு முறை அடித்தவருக்கு இவ்வாய்வின் பெரும்பகுதி தேவைப்படாது.