பெட்டிக்கு 5, யோசனைக்கு 18

பெறுநர்: ஜிஎஸ்டி கவுன்சிலின் மாண்புமிகு தலைவரும் உறுப்பினர்களும், புது தில்லி.

பொருள்: ஒரே அறையில் இணையதளமும் போர்டு கேமும் செய்யும் குற்றம் தொடர்பாக.

பெருமதிப்புக்குரியவர்களே,

முதலில் நன்றி. 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய உங்கள் 56-வது கூட்டம் சீட்டுக்கட்டு, சதுரங்கப் பலகை, கேரம் போர்டு, லூடோ போன்ற பிற பலகை விளையாட்டுகள் ஆகியவற்றின் வரியை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறக்கியது. அதே மாதம் 22-ம் தேதி அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஒரு வடிவமைப்பாளர் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, நாகப்பட்டினத்திலிருந்து கடாரம் வரைக்குமான சோழர் காலக் கடல் வணிகத்தை ஒரு பலகையிலும் ஒரு கட்டுச் சீட்டிலும் அடக்கிக் காட்டினாலும், அரசிதழின் கண்ணில் அது ‘லூடோ போன்ற’ ஒன்றுதான். அதில் யாருக்கும் வருத்தமில்லை. 7 சதவீதம் குறைத்துக் கொடுத்தவர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் சரிதான். நன்றி சொன்ன வாயாலேயே புகாரும் சொல்வது நம் ஊர் மனு எழுதும் மரபு என்பதால், மரபை மீறாமல் தொடர்கிறேன்.

அதே கடல் வணிகக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட புத்தகமாக வந்தால் வரி 0. பெட்டிக்குள் பலகையும் காய்களுமாக வந்தால் 5. ஒரு அருங்காட்சியகத்துக்காக இணையதளமாக வடிவமைத்துக் கொடுத்தால் 18. புத்தகத்தின் 0 என்பது பதிப்பாளருக்கு அவ்வளவு இனிப்பான பூஜ்யம் அல்ல. இப்போது 18 சதவீதமாகிவிட்ட அச்சுக் காகிதத்தின் வரியை அவர் யாரிடமும் திரும்பக் கேட்க முடியாது. பதிப்பாளர்கள் தனியாக மனு எழுதிக்கொள்ளட்டும். நான் சொல்ல வருவது வேறு. மூன்றிலும் வேலை ஒன்றுதான்: எதை முதலில் காட்டுவது, எதை மறைத்து வைப்பது, பார்ப்பவரின் கை அடுத்து எங்கே போகும் என்று யோசிப்பது. உங்கள் அட்டவணை அந்த யோசனையைப் பார்ப்பதில்லை. அது எந்தப் பாத்திரத்தில் ஊற்றப்பட்டிருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. பன்னுக்கு ஒரு வரி, கிரீம் வைத்தால் வேறு வரியா என்று கோயம்புத்தூரில் 2024-ல் எழுந்த கேள்விக்கே இன்னும் மனசாரப் பதில் வரவில்லை என்பது தெரியும். இருந்தாலும், பன்னையும் கிரீமையும் தனித்தனியாகத் தட்டில் வைத்துத் தப்பித்துக்கொள்ளலாம். ஒரு ஆளின் மூளையை அப்படி இரண்டு தட்டில் வைக்க வழியில்லை.

சிறு ஸ்டூடியோக்கள் ஏன் இந்த இரண்டு தொழிலையும் சேர்த்துச் செய்கின்றன என்று உங்கள் அதிகாரிகள் சந்தேகப்படலாம். இதில் சதி ஏதுமில்லை. இணையதளம் மாதாமாதம் வாடகை கட்டும்; போர்டு கேம் சாப்பிட மட்டும் செய்யும். மாதிரி செய்ய வேண்டும், ஆட்களைக் கூப்பிட்டு விளையாடவிட்டுப் பார்க்க வேண்டும், விதியை மாற்ற வேண்டும், மறுபடியும் விளையாடவிட வேண்டும். கடைசியில்தான் அச்சகம். சிவகாசியில் ஒரே தாளில் வரிசையாக அச்சான சீட்டுகளை லேமினேஷன் போட்டு வெட்டுவதும், கிரே போர்டில் ஒட்டிய காய்களை டை-கட்டிங்கில் விரலால் தட்டினால் விழும் அளவுக்கு அறுத்து நிறுத்துவதும் நம் அச்சகக்காரர்களுக்குக் கைவந்த கலை. அந்தப் பக்கம் குறையே இல்லை. குறையெல்லாம் அச்சகத்துக்கு முன்னால் நடக்கும் வேலையில்தான். அதற்கு எடையில்லை, அட்டைப் பெட்டியில்லை, லாரி ரசீதில்லை. அதனால் சட்டத்துக்கு அது கண்ணில் படுவதில்லை. கண்ணில் படும்போதோ 18 சதவீதமாகப் படுகிறது.

பதிவு வரம்பிலிருந்து தொடங்குகிறேன். பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். சேவையும் கலந்தால் 20 லட்சம். அதாவது 39 லட்சத்துக்குப் பலகை விளையாட்டு விற்பவர் நிம்மதியாகத் தூங்கலாம். 15 லட்சத்துக்கு விளையாட்டும் 6 லட்சத்துக்கு இணையதளமும் விற்பவர் ஆடிட்டரைத் தேட வேண்டும். இரண்டு தொழில் தெரிந்தவர் ஒரு தொழில் தெரிந்தவரைவிடப் பணக்காரராகத்தான் இருப்பார் என்பது கவுன்சிலின் அனுமானம் போலும். இதைவிட அழகு மாநில எல்லை. 20 லட்சத்துக்குக் கீழே இருக்கும் ஓசூர் ஸ்டூடியோ பெங்களூர் வாடிக்கையாளருக்கு இணையதளம் செய்து கொடுக்கலாம், பதிவு தேவையில்லை. அதே ஸ்டூடியோ பெங்களூருக்கு ஒரே ஒரு விளையாட்டுப் பெட்டியைக் கூரியரில் அனுப்பினால், முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். கன்னியாகுமரிக்கு எத்தனை பெட்டி வேண்டுமானாலும் அனுப்பலாம். குறிப்பிட்ட கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு. கணினியில் வரைந்து எந்திரத்தில் வெட்டிய அட்டைக்கு அந்த அருள் கிடையாது. போர்டு கேம் வாங்குகிறவர்கள் ஊருக்கு நாலு பேராக நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு மாநிலத்துக்குள் விற்றே பிழைக்கக்கூடிய சரக்கா இது?

“சிறியவர்களுக்குத்தான் காம்போசிஷன் திட்டம் வைத்திருக்கிறோமே” என்பீர்கள். வைத்திருக்கிறீர்கள். சேவை கலந்த தொழிலுக்கு ஆண்டு விற்றுமுதல் 50 லட்சம் வரை, மொத்த விற்பனையில் 6 சதவீதம் கட்டிவிட்டால் போதும். அதில் சேர்ந்தால் அந்தத் தொகையைத் தனி வரியாக பில்லில் போட்டு வாங்கக் கூடாது, கொள்முதலில் கட்டிய வரியை வரவாக எடுத்துக் கழிக்கக் கூடாது, வேறு மாநிலத்துக்கு விற்கவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சாதாரண வழியில் 5 சதவீதம் மட்டுமே இருக்கும் விளையாட்டுப் பெட்டிக்குச் சலுகை வழியில் 6 சதவீதம். சலுகை என்றால் கூடுதலாகக் கட்டுவது என்று இதுவரை எந்த விளையாட்டின் விதிப்புத்தகத்திலும் பார்த்ததில்லை. அடுத்த பதிப்பில் யாராவது சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது பதிவு பெற்ற ஸ்டூடியோவுக்கு வருவோம். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வரி நீங்கலாகப் பெட்டி 800 ரூபாய். 500 பெட்டி விற்றால் 4 லட்சம். அச்சகத்துக்கு 2 லட்சம். ஓவியர், விளம்பரம், பிற சேவைகள், எல்லாம் பதிவு பெற்றவர்களிடம், ஒன்றரை லட்சம். பழைய விகிதத்தில் வசூலிக்கும் வரி 48,000. அச்சகத்தில் கட்டியது 24,000, சேவைகளுக்குக் கட்டியது 27,000. ஆக 3,000 ரூபாய் வரவாகத் தேங்கும். புதிய விகிதத்தில் வசூல் 20,000. அச்சகத்தில் 10,000, சேவைகளுக்கு அதே 27,000. தேங்குவது 17,000. வாங்குகிறவருக்குப் பெட்டிக்கு 56 ரூபாய் மிச்சம். அது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டூடியோவின் பணம் இன்னும் 14,000 உங்கள் பெட்டகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. திரும்பக் கேட்கலாமா என்றால், சட்டத்தின் 54(3) பிரிவும் 89(5) விதியும் வாசலிலேயே நிற்கின்றன: வாங்கிய பொருள்களின் வரி, விற்கும் பொருளின் வரியைவிட அதிகமாக இருந்தால்தான் திரும்பும், சேவைகளுக்குக் கட்டியது அந்தக் கணக்கிலேயே வராது. இது சரியா என்று செருப்பு செய்யும் வி.கே.சி. ஃபுட்ஸ்டெப்ஸ் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தாகிவிட்டது. 2021 செப்டம்பரில் நீதிமன்றம் விதி செல்லும் என்றது. கணக்கிடும் சூத்திரத்தில் உள்ள கோளாறை கவுன்சில் பார்க்கட்டும் என்றும் சொன்னது. 2022-ல் சூத்திரத்தைத் திருத்தினீர்கள். சேவைகள் மட்டும் வெளியே நின்றது நின்றபடி இருக்கிறது. செருப்புக்காவது தோலும் ரப்பரும் உண்டு. விளையாட்டுக்கு மூலப்பொருளே யோசனைதான். அந்த மூலப்பொருளைத்தான் மூலப்பொருள் அல்ல என்கிறீர்கள்.

இதற்கு நியாயமான மறுப்பு இரண்டு உண்டு. தேங்கிய வரவு செத்துப்போவதில்லை, அடுத்த பதிப்பில் கழித்துக்கொள்ளலாம் என்பது முதலாவது. உண்மை. ஓவியத்துக்கு ஒரு முறைதான் கூலி. இரண்டாவது 500 பெட்டியில் தேக்கம் கரையத் தொடங்கும். ஆனால் சிறு விளையாட்டுகளில் பலவற்றுக்கு முதல் பதிப்பே கடைசிப் பதிப்பு. ஓடாத விளையாட்டின் வரவுதான் தேங்கும் என்றால், இது தோல்விக்குத் தனியாகப் போட்ட வரி. இரண்டாவது மறுப்பு இன்னும் கெட்டிக்காரத்தனமானது: இணையதளமும் செய்கிறவர்தானே, அங்கே வசூலிக்கும் 18 சதவீதத்தில் இதைக் கழித்துக்கொள்ளலாமே? கழிக்கலாம், கழிக்கிறார்கள். அப்படியானால் விளையாட்டு மட்டும் செய்து வாழலாம் என்று நினைப்பவருக்கு கவுன்சில் சொல்லும் தொழில் ஆலோசனை, “போய் நாலு வெப்சைட் செய்துவிட்டு வா” என்பதுதான். ஆலோசனைக் கட்டணம் கேட்காமல் விட்டதற்கு நன்றி.

அந்த நாலு வெப்சைட்டை யாருக்குச் செய்வது? 18 சதவீதம் யாருக்கும் சுமையில்லை, வாடிக்கையாளர் அதை வரவு எடுத்துக்கொள்வார் என்பது உங்கள் பாடப்புத்தகப் பதில். பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை சரி. சிறு ஸ்டூடியோவின் வாசலுக்கு வருகிறவர்களோ பள்ளிக்கூடம், மருத்துவமனை, அறக்கட்டளை, வரம்புக்குக் கீழே இருக்கும் மளிகைக்கடைக்காரர். கல்விக்கும் மருத்துவத்துக்கும் வரிவிலக்கு இருப்பதால் அவர்களுக்கு எடுக்க வரவே இல்லை. சிங்கப்பூர் பள்ளிக்கு இணையதளம் செய்தால் ஏற்றுமதி, வரி 0. சிவகங்கைப் பள்ளிக்குச் செய்தால் 18, அதுவும் பள்ளியின் கைக்காசு. ஏற்றுமதிக்கு வரி போடக் கூடாது என்பது உலக வழக்கம், அதைக் கெடுக்கச் சொல்லவில்லை. சிவகங்கைப் பக்கம் ஒரு பார்வை போதும்.

குறியீட்டு எண்களை நாங்களா கண்டுபிடித்தோம், விளையாட்டுப் பெட்டியின் 9504 என்பது உலகச் சுங்க அமைப்பின் எண் என்றும் நீங்கள் சொல்லலாம். தலைப்பு அவர்களுடையது, விகிதமும் வரம்பும் திரும்பத் தரும் விதியும் உங்களுடையவை. யோசனையைக் கண்டுகொள்ளாதது உங்கள் துறை மட்டுமல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1970-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவில் கணினி நிரல் தன்னளவில் கண்டுபிடிப்பு ஆகாது என்று ‘கே’ உட்பிரிவு சொல்கிறது. விளையாட்டு ஆடும் முறையும் ஆகாது என்று ‘எம்’ உட்பிரிவு சொல்கிறது. ஒரு ஸ்டூடியோவின் இரண்டு தொழிலும் ஒரே பிரிவில் ஒரு வாசல் இடைவெளியில் திருப்பி அனுப்பப்படுகின்றன. பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணையோ 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் விளையாடுவதற்கான பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கேட்கிறது, உரிமமும் தயாரிப்பு நடக்கும் இடத்துக்குத்தான். ஆலையே இல்லாமல் யோசித்துவிட்டு அச்சகத்துக்குக் கோப்பு அனுப்புகிறவர் அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்புவார் என்று படிவம் போட்டவரே சொல்ல வேண்டும்.

உங்கள் தொழிலுக்கும் இந்தத் தொழிலுக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட சொந்தம் உண்டு என்பதை இந்த இடத்தில் நினைவூட்டுவது முறை. உலகம் முழுக்க விற்கும் மொனாபலி விளையாட்டின் மூலம், லிஸ்ஸி மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904-ல் காப்புரிமை வாங்கிய ‘நிலக்கிழார் விளையாட்டு’. ஹென்றி ஜார்ஜ் முன்வைத்த ஒரே வரி, அதாவது நிலத்தின் மேல் மட்டும் வரி என்ற கொள்கையை மக்களுக்குப் புரியவைக்கத்தான் அதை உருவாக்கினார். ‘ஒரே நாடு, ஒரே வரி’ என்று முழங்கியவர்களுக்கு அவர் தூரத்து உறவாகக்கூட இருக்கலாம். பிறகு என்ன நடந்தது? 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் சார்லஸ் டாரோ என்பவரிடமிருந்து பெட்டியை வாங்கியது, அவர் செல்வந்தரானார். யோசித்த மேகியின் காப்புரிமையை 500 டாலருக்கு முடித்துக்கொண்டது. அவருக்காவது அங்கே காப்புரிமை என்று ஒன்று கிடைத்தது. இங்கே பிறந்திருந்தால் ‘எம்’ உட்பிரிவோடு நின்றிருப்பார்.

எனவே வேண்டுவது இவ்வளவுதான். தேங்கிய வரவைத் திருப்பித் தரும் கணக்கில் சேவைகளையும் சேருங்கள். குறைந்தது, சிறு நிறுவனங்களுக்காவது. இணையதளத்துக்கு இருக்கும் அதே 20 லட்ச வரம்பை, மாநிலம் தாண்டிப் போகும் சிறு விற்பனையாளரின் பெட்டிக்கும் கொடுங்கள். கைவினைப் பொருளுக்குச் செய்ததுதான், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. காம்போசிஷன் திட்டத்தில் 5 சதவீதப் பொருளுக்கு 6 வாங்குவதை நிறுத்துங்கள், வெளியே சொன்னால் சிரிக்கிறார்கள். வருவாய் இழப்பு எவ்வளவு என்று, வரி விகிதங்களை ஆராயும் உங்கள் ஃபிட்மென்ட் குழு கேட்கும். இந்தத் தொழிலில் புழங்கும் பணத்தைப் பார்த்தால், அந்தக் கணக்கைப் போடும் அதிகாரியின் பயணப்படியைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று அஞ்சுகிறேன்.

இந்தக் கடிதம் தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு வருகிறது. விலை எதுவும் வாங்காததால் இது ‘சப்ளை’ ஆகாது என்று ஆடிட்டர் உறுதி சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
பெட்டியின் 9504-க்கும் இணையதளத்தின் 9983-க்கும் நடுவில் நிற்கும் ஒருவர்