விசாவும் வெறுங்காலும்

கேள்வி: மலேசியா போல நாமும் விசாவைத் தூக்கிவிட்டால் தஞ்சாவூரில் வெள்ளைக்காரர் கூட்டம் அலைமோதுமா?
(ஒரு வாசகர், திருவையாறு)

பதில்: மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் நமக்கு 30 நாள் விசா விலக்கு தந்ததும் திருச்சியில் விமானம் ஏறப் பெட்டி கட்டினோம். (1025-இல் ராஜேந்திர சோழன் இதே மலேசியப் பக்கத்துக் கடாரத்துக்கு விசா கேட்காமலே போனவன். அது வேறு வகைச் சுற்றுலா!) அதே சலுகையை நாம் கொடுப்பதென்றால் மட்டும் டீக்கடை இரண்டுபடுகிறது. "நமக்குத் தராதவனுக்கு நாம் ஏன் தரணும்?" என்பார் ஒரு பெரியவர். "சவாரி வந்தா சரிங்க" என்பார் ஆட்டோக்காரர். என் ஓட்டு ஆட்டோவுக்கு.

ஆனால் 2014-லேயே இ-விசா வந்துவிட்டது. 2021-இல் முதல் 5 லட்சம் பேருக்குச் சுற்றுலா விசா இலவசம் என்றுகூட மத்திய அரசு அறிவித்தது. வாசலில் தடுப்பது விசா மட்டுமல்ல. சித்திரை வெயிலில், உச்சிப்பொழுதில், பெரிய கோயில் கல்தரையில் ஒரு வெளிநாட்டு அம்மா காலுறையோடு குதித்துக் குதித்து நிழல் தேடியதைப் பார்த்தேன். வெளியே வந்து இளநீருக்கு 500 ரூபாய்த் தாளை நீட்டினார்; கடைக்காரரிடம் சில்லறை இல்லை.

விசாவை டெல்லி பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள்.