மூச்சுக்குத் தள்ளுபடி

கேள்வி: ஸ்கூபா சாதனங்கள் ஆன்லைனில் மலிவாக வருகின்றன. அங்கேயே வாங்கட்டுமா, கடைக்குப் போகட்டுமா?
(வாசகர், பட்டினச்சேரி)

பதில்: உங்கள் ஊரில் வலை, ஐஸ், டீசல் எல்லாம் கிடைக்கும், டைவிங் கடைக்கு மட்டும் சுமார் 130 கி.மீ. தள்ளி புதுச்சேரிக்குப் போக வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கும்.

டார்ச், ஸ்நார்க்கெல், பை எல்லாம் ஆன்லைனில் தாராளமாக வாங்குங்கள். முகமூடி அப்படியல்ல. வாரைப் போடாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் அது வேறு யாருடைய முகத்துக்கோ செய்தது. மீசைக்காரர்களுக்கு இந்தச் சோதனை கொஞ்சம் கஷ்டம்!

ரெகுலேட்டர் விஷயத்தில் பேரமே கூடாது. சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்றை, நீங்கள் இருக்கும் ஆழத்துக்கேற்பக் குறைத்து வாய்க்குத் தருவது அதுதான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. வழக்கமாக ஆண்டுக்கொருமுறை அதைப் பிரித்துச் சர்வீஸ் செய்ய வேண்டும், கூரியர்காரர் செய்வாரா? 'பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம்' என்கிறார்கள். சாதனத்தைத்தான், ஆளை அல்ல.

சிலிண்டர் வாங்கும் ஆசையே வேண்டாம். வெளிநாட்டுச் சிலிண்டருக்கு நாக்பூரில் தலைமையகம் உள்ள 'பெசோ' (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு) அமைப்பின் அனுமதி வேண்டும். அது இல்லாததில் காற்று நிரப்புவது சட்டப்படி குற்றம்.

முதலில் பயிற்சியில் சேருங்கள். அங்கே சாதனங்களை அவர்களே தருவார்கள்.