இருக்கு, ஆனால் காட்ட ஏலாது

இலுப்பைக்கடவையில் படிவம் நிரப்புகிற ஆள் நான்தான். பென்சன் எடுத்த வாத்தியாருக்கு ஊர் கொடுக்கிற இரண்டாவது உத்தியோகம் அது. நியமனக் கடிதமும் இல்லை, இடமாற்றமும் இல்லை. விண்ணப்பம், முறைப்பாடு, மேன்முறையீடு, வள்ளத்துப் பதிவு எல்லாம் என் வீட்டு விறாந்தைக்குத்தான் வந்து சேரும். இவற்றில் 'மாத வருமானம்' என்ற கட்டம் மட்டும் எனக்கு என்றைக்கும் சுலபம். எதிரே இருப்பவர் சொல்வதில் பாதியை எழுதினால் போதும், மனம் நிறைந்து போவார்.

2023இல் அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவு வந்தபோது இந்தக் கலை உச்சத்துக்குப் போனது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்பம் என்று ஆறு பக்கத்தாலும் ஒரு வீட்டை அளந்து, மிக வறியவர் என்றால் 15,000 ரூபா, அதற்கு மேலே ஏற ஏறக் குறைந்து கடைசியில் 2,500 என்று அரசாங்கம் அறிவித்தது. ஊரே ஏழ்மைப் பரீட்சைக்கு இருந்தது. விறாந்தையில் கேட்ட கேள்விகளை மறக்க முடியாது.

"மாஸ்டர், ரெண்டு ஆட்டையும் எழுதவேணுமோ?"

"இருந்தால் எழுதத்தானே வேணும் பிள்ளை."

"ஒண்டு சினை. குட்டியை எழுதிப்போடாதேங்கோ."

பெயர் வராதவர்கள் மேன்முறையீடு செய்யலாம். பெயர் வந்தவர்களுக்கு எதிராக மற்றவர்கள் ஆட்சேபனையும் செய்யலாம். காலையில் ஒரு வீட்டுக்கு மேன்முறையீடு எழுதினேன். பின்னேரம் அதே வீட்டுக்கு எதிராகப் பக்கத்து வீட்டாருக்கு ஆட்சேபனை எழுதினேன். பிரதேச செயலகத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த உத்தியோகத்தர் என் கையெழுத்தைக் கண்டுபிடித்திருப்பார். நல்ல மனுசன், ஒன்றும் கேட்கவில்லை.

இப்படி இல்லாததைக் காட்டுவதில் தேர்ந்திருந்த என்னிடம்தான் ஒருநாள் என் பள்ளித்தோழன் வந்து, தனக்கு வருமானம் உண்டு என்று நிரூபித்துத் தரச் சொன்னான்.

ஊரில் அவனுக்கு ஜெர்மன்காரர் என்று பேர். 1985இல் ரஷ்ய விமானத்தில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினில் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் நுழைந்த கூட்டத்தில் அவனும் ஒருவன். சமையலறையில் தொடங்கித் தொழிற்சாலையில் முடித்து, பென்சனோடு திரும்பி வந்துவிட்டான். மனைவி பேரப்பிள்ளைகளோடு அங்கேயே நின்றுவிட்டார்.

பிறந்த ஊரில் இருக்க அவனுக்கு ஏன் விசா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். இரட்டைப் பிரஜாவுரிமைக்குப் போட்டால் என்ன, 55 வயது தாண்டியிருந்தால் அதுவே ஒரு தகுதிதானே என்றேன். அதில் இரண்டு சிக்கல். ஒன்று, இன்னொரு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் தன்னுடையதைப் பறிக்கும் சட்டத்தை ஜெர்மனி 2024 ஜூன் 27 வரைக்கும் வைத்திருந்தது. அது இப்போது இல்லை. மற்றது போகாத சிக்கல். அகதி விண்ணப்பம் போட்டபோது ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொடுத்த பெயரும் பிறந்த திகதியும்தான் இன்றைக்கும் அவனுடைய ஜெர்மன் கடவுச்சீட்டில் இருக்கின்றன. மன்னாரில் பிறந்த பையன் ஒருவன், கடவுச்சீட்டில் இருக்கிற பெரியவர் இன்னொருவர். இருவரையும் சேர்த்துவைக்கக்கூடிய கடதாசிகள் தாயாரின் றங்குப்பெட்டியில் இருந்தன. 2008 ஜூலையில் இராணுவம் இந்தப் பக்கம் வந்தபோது சனம் கையில் அகப்பட்டதோடு கிளிநொச்சிப் பக்கம் ஓடியது. றங்குப்பெட்டி ஓடவில்லை.

கடதாசிப்படி அவனுக்கு வயதும் மூன்று குறைவு. வாலிபத்தில் அது பெருமையாக இருந்ததாம். கடைசியில் ஜெர்மனியில் மூன்று வருடம் கூடுதலாக மாரடித்த பிறகுதான் பென்சன் கிடைத்தது.

ஆகவே சட்டத்தின் கண்ணில் அவன் இலுப்பைக்கடவையில் பிரியம் வைத்த ஒரு வெள்ளைக்காரன். அப்படிப்பட்டவர்களுக்கு என்றே இலங்கையில் 'என் கனவு இல்லம்' என்று ஒரு விசா உண்டு. 55 வயது தாண்டியிருக்கவேண்டும். வங்கியில் 15,000 டொலர் வைப்பிடவேண்டும். அதற்கு மேலே மாதம் 1,500 டொலர் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். கூட வந்து இருக்கிற ஒவ்வொருவருக்கும் மேலதிகமாக 750 டொலர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நீடிக்கலாம். மனைவிக்கு இதைத் தொலைபேசியில் விளக்கியபோது, "எனக்கு அரை டிக்கட்டோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாராம். அவர் வராததற்கு அதுதான் காரணம் என்று அவன் நம்புகிறான். எனக்கு வேறு அபிப்பிராயம்.

கனவு இல்லம் என்பது, இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய அவனுடைய தம்பியின் வீட்டில் தெற்குப் பக்கத்து அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, நுளம்பு வலை. யன்னலைத் திறந்தால் மன்னார் – பூநகரி வீதியும், அதில் படுத்திருக்கிற மாடுகளும் தெரியும். (கனவாவது மலிவு. 2022 ஏப்ரலில், நாங்கள் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில், ஒரு லட்சம் டொலர் வைப்பிட்டால் பத்து வருட விசா என்று இன்னொரு திட்டத்தை அமைச்சரவை அறிவித்தது. அதற்குப் பெயர் தங்கச் சொர்க்கம். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டே, அங்கே பெற்றோல் கிடைக்குமா என்று விசாரித்தார்.)

நீடிப்புக்கு நாள் வந்தது. இரண்டு வருட வங்கிக் கூற்றை மேசையில் விரித்தேன். முதல் சில மாதங்கள் ஒழுங்காக இருந்தன. அதற்குப் பிறகு மணல்தரை.

"காசு வந்ததோ இல்லையோ?"

"வந்ததடா! மாதாமாதம் வந்தது!"

"எங்க?"

"உண்டியலில."

விஷயம் விளங்கிவிட்டது. பாரிசில் இருக்கிற அவனுடைய மகள் அங்கே ஒருவரிடம் யூரோவைக் கொடுப்பார், மன்னாரில் இன்னொருவர் வீட்டுப் படலையில் வந்து ரூபாயைத் தருவார். வங்கியைவிட நல்ல விலை. தருகிறவர் ஒரு பிளேன்டீயும் குடித்துவிட்டுப் போவார், கடதாசி மட்டும் தரமாட்டார். அந்தக் காசில்தான் அவன் கிணறு இறைத்தான், கோயில் திருவிழாவுக்கு ஒருநாள் உபயம் செய்தான், ஊரில் பாதிப்பேருக்குக் கைமாற்றும் கொடுத்திருந்தான். அவனிடம் காசு இருக்கிறது என்பதற்கு ஊர் முழுக்கச் சாட்சி. "கடன் வாங்கின எல்லாரையும் ஒரு பஸ்ஸில ஏத்திக்கொண்டு பத்தரமுல்லைக் குடிவரவுக் கந்தோருக்குப் போவமோ?" என்று உண்மையாகவே கேட்டான். கடன் வாங்கியவர்கள் அவன் விசா இல்லாமல் போவதைத்தான் விரும்புவார்கள் என்பதை நான் சொல்லவில்லை.

ஒழுங்காக வந்த மாதங்களிலும் ஒரு குறை. அனுப்பியது சரியாக 1,500. வந்து விழுந்தது 1,482. நகரத்து வங்கி ஒன்றில் விசாரித்தோம். அனுப்பிய வங்கியும் எடுக்கவில்லை, வாங்கிய வங்கியும் எடுக்கவில்லை, நடுவில் ஒரு வங்கி எடுத்திருக்கிறது என்றார் அங்கே வேலைசெய்கிற பிள்ளை. அந்த வங்கி எந்த ஊர் என்று கேட்டோம். திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "அது நடுவில ஐயா" என்றார்.

தாய்லாந்தில் குடியிருக்கிற பழைய வேலைத்தோழன் ஒருவன் அவனுக்கு உண்டு, அசல் ஜெர்மன். வாட்ஸ்அப்பில் இருவரும் மாறி மாறி ஒப்பாரி வைத்தார்கள். அங்கே 50 வயது போதும். ஆனால் வங்கியில் 800,000 பாத் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மாதம் 65,000 வரவேண்டும். முந்தி அமெரிக்க, பிரித்தானியத் தூதரகங்கள் இவருக்கு இவ்வளவு வருமானம் என்று ஒரு கடிதம் கொடுக்குமாம். 2018 முடிகிற நேரத்தில், எங்கள் ஆட்களின் வருமானத்தை எங்களால் சரிபார்க்க முடியாது என்று கையை விரித்துவிட்டன. எனக்கு மனம் ஆறியது. தூதரகமே கைவிட்ட வேலையை நான் விறாந்தையில் இருந்து செய்கிறேன்.

இதற்கு நடுவில் ஜெர்மனியிலிருந்து வேறொரு கடதாசி வந்தது. வெளிநாட்டில் இருக்கும் பென்சன்காரர்களுக்கு வருடம் ஒருமுறை வருவது. உயிரோடு இருக்கிறீரா என்று கேட்கும். வாத்தியார் பென்சனுக்கு நானும் அதையே நிரூபிக்கிறவன்தான். இருவரும் சேர்ந்தே கிராம அலுவலரிடம் போனோம். அவர் எங்களை நிமிர்ந்து பார்த்து, "ரெண்டு பேரும் இருக்கிறியள்தானே?" என்று கேட்டுவிட்டு முத்திரையைக் குத்தினார். எத்தனையோ அலுவலகம் ஏறி இறங்கியிருக்கிறேன். கண்ணால் பார்த்ததை நம்பிக் கையெழுத்து வைத்த இடம் அது ஒன்றுதான்.

என் தங்கையின் மகனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நண்டு வலை படுக்கிறவன், நல்ல காலத்தில் என் பென்சனைவிடக் கூட உழைப்பான். கனடாவில் அக்காவின் மகளுக்குக் கலியாணம் என்று விசாவுக்குப் போட்டான். வருமானத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். நண்டு வாங்குகிற வாடியில் கொடுத்த சிட்டைகளை ஒரு பொலித்தீன் பையில் கொண்டுவந்து தந்தான். பிரித்தால் உப்புத்தண்ணீரில் மை எல்லாம் ஓடி நீலமாக இருந்தது. நாலைந்தில் மட்டும் கிலோக் கணக்கு வாசிக்க முடிந்தது. விசா கிடைக்கவில்லை. அவன் உண்மையாக உழைக்கிறான், ஆனால் கடல் சம்பளச் சீட்டு எழுதிக் கொடுப்பதில்லை. இதில் எனக்குக் கோபம் உண்டு. சிரிப்பாக எழுத வரவில்லை.

ஜெர்மன்காரனின் காரியம் எப்படியோ முடிந்தது. மகளைப் பேசிச் சம்மதிக்கவைத்து, விடுபட்ட தொகையை ஒரேயடியாக வங்கி வழியே எடுப்பித்து, பென்சன் கடிதத்தை மொழிபெயர்ப்பித்து, நடந்ததை விளக்கி ஒரு கடிதமும் எழுதினேன். ஆடு முதல் ஆட்சேபனை வரை எழுதிப் பழகிய கையின் முழுத் திறமையும் அதில் இருக்கிறது. பத்தரமுல்லையில் உத்தியோகத்தர் அதைப் பொறுமையாக வாசித்தார், பிறகு முத்திரை விழுந்தது. இரவு பஸ்ஸில் திரும்பும்போது அவன் என்னிடம் ஒரு ரகசியம் கேட்டான்: "மச்சான், இப்ப எனக்கு அஸ்வெசும கிடைக்காதோ?"

55 தாண்டி ஊரில் வந்து இருக்க நினைக்கிற உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். பிறப்புச் சான்றிதழின் பிரதியை இப்போதே எடுத்துக் கடவுச்சீட்டோடு ஒத்துப் பாருங்கள். பெயர் பொருந்தினால் இரட்டைப் பிரஜாவுரிமைக்குப் போடுங்கள், அலைச்சல் குறைவு. பொருந்தாவிட்டால் காசை வங்கியில் அனுப்புங்கள், 1,500க்கு மேலே இருபது முப்பது டொலர் கூட்டி அனுப்புங்கள். நடுவில் ஒருவர் இருக்கிறார். படிவங்களை என்னிடம் கொண்டுவரலாம், கட்டணம் கிடையாது. வாங்கத் தொடங்கினால் எனக்கும் ஒரு வருமானம் என்று ஆகிவிடும். பிறகு அதை ஆர் நிரூபிக்கிறது?